ஓட்டலில் எனக்கு ஒரு பாடு

1

ஒவ்வொரு வருஷமும் இந்த ஓட்டலின் வரவேற்பு மேசை முன்னால் பெட்டிகளோடு போய் நின்றதும், அங்கே இருக்கிற பெண் வாய் நிறையச் சிரித்து, உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்கிறாள். பெண் மாறிக்கொண்டே இருக்கிறாள், வாசகம் மட்டும் மாறுவதில்லை. அப்படிச் சொல்ல வேண்டும் என்று பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்கிறேன். இது ஆறாவது தடவை.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இந்த ஓட்டலை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நம் ஊரில் ஓட்டல் என்றால் இட்லி. இது தங்குகிற இடம். பொன்னேரி பஸ் ஸ்டாண்டையும் அதைச் சுற்றியிருக்கிற கடைத்தெருவையும் தூக்கி உள்ளே வைத்தாலும் இடம் மிச்சம் இருக்கும். ஒரு மைல் தள்ளி உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் ஏங்குகிற பெரிய கேளிக்கைப் பூங்கா. ராட்டினமும் கோட்டையும் பொம்மை ஊர்வலமுமாக அங்கே வருஷம் முழுக்கத் திருவிழா. அரை மணிக்கு ஒரு தடவை ஓட்டலிலிருந்து இலவச பஸ் போகிறது. ஓட்டலுக்குள்ளேயும் பிள்ளைகளுக்குத்தான் மரியாதை. சறுக்குமரம் வைத்த நீச்சல் குளம், அறையில் அடுக்குக் கட்டில், பன்னிரண்டு வயதுவரை சாப்பாட்டுக்குக் காசில்லை, காலைப் பலகாரத்தின்போது கரடி வேஷம் போட்ட ஒருவன் மேசை மேசையாக வந்து கட்டிப்பிடிப்பான். ஒவ்வொரு மாடியிலும் ஐஸ் கொட்டுகிற மெஷின் ஒன்று இருக்கிறது. நான் குளிர்பதன மெக்கானிக். மற்றவர்கள் கரடியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் அந்த மெஷினின் சத்தத்தைக் கேட்டு, இதற்கு எண்ணெய் போட்டு ஆறு மாசமாயிற்று என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

இந்த ஓட்டலில் வருஷத்துக்கு ஒரு வாரம் எனக்குச் சொந்தம். வாடகைக்கு இல்லை, பத்திரம் பதிந்த சொந்தம். என் காலத்துக்குப் பிறகு என் பிள்ளைகளுக்கு, அதற்குப் பிறகு அவர்கள் பிள்ளைகளுக்கு. இதை வாங்கப்போய் ஊரில் என் தம்பியின் பிழைப்பை அழித்தேன். வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதுங்கள் என்று நம் ஊர்ப் பத்திரிகை ஒன்றில் கேட்டிருந்தார்கள். பனி, சாலை, பெரிய கடைகள் என்று எழுதினால் சந்தோஷப்படுவார்கள். எனக்கு எழுத இருப்பது இது ஒன்றுதான்.

2

நான் பழவேற்காட்டு ஏரிக்காரன். பழவேற்காட்டுக் கரையில் படகு ஏறினால் பசியாவரத்தைத் தாண்டி எங்கள் குப்பம். ஏரியில் பிழைக்கிறவர்களுக்கு நிலம் கிடையாது. ஆனால் பாடு உண்டு. பாடு என்றால் முறை. முகத்துவாரம் திறந்து கிடக்கிற மாதங்களில் இறால் ஏரிக்கும் கடலுக்கும் போய்வரும். அது போகிற ஓட்டத்தில் கழி ஊன்றி வலை கட்டினால்தான் சம்பாத்தியம். ஆளாளுக்குக் கட்டினால் வெட்டு குத்துதான் மிஞ்சும். அதனால் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்று ஊரே சீட்டுப் போட்டு முறை வகுத்துக்கொள்ளும். இந்த வருஷம் நல்ல இடம் வந்தவனுக்கு அடுத்த வருஷம் மட்டமான இடம். எல்லோருக்கும் எல்லாம் சுற்றி வரும். கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு பாடு. பாடுகள் இத்தனை என்று கணக்கு உண்டு, ஒன்று காலியானால்தான் புதியவனுக்குக் கிடைக்கும். அப்பனுக்குப் பின்னால் பிள்ளை.

ஐப்பசி அமாவாசையன்று சாயங்காலம் கோயிலுக்கு எதிரில் கூட்டம் கூடும். ஊர்த் தலைவரான பெரியதனக்காரர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். மூன்று தடவை. இருக்கிறேன் என்பதற்கு எங்கள் பேச்சில் "கீறேன்". அப்படிக் குரல் கொடுத்தால் பெயர் நிற்கும். பிறகு ஒரு சின்னக் குழந்தையைக் கூப்பிட்டுச் சீட்டு எடுக்கச் சொல்வார்கள். வந்த சீட்டு மட்டமாக இருந்தாலும் திருப்பி வைக்கக் கூடாது. அப்படி ஒருவன் ஒரு தடவை திருப்பி வைத்தான். அந்த வருஷம் முழுக்க அவன் தண்ணீரில் கால் வைக்கவில்லை, ஊரும் அவனோடு பேசவில்லை.

என் தம்பி எத்திராஜுக்குச் சொந்தமாகப் பாடு கிடையாது. அவன் தடா பக்கத்தில் தெலுங்கு பேசுகிற வேறு சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். பாக்கியம் என்று பெயர். தங்கமான பெண். ஆனால் எங்கள் ஊர்க் கணக்குப்படி அவனுக்குத் தலைக்கட்டு இல்லை என்று ஆகிவிட்டது. நைனா இருந்தவரை நைனாவின் பாட்டில் வலை கட்டினான். நைனா போன பிறகு என் பாட்டில். நான் அப்போது ராயபுரத்தில் இறால் உறைய வைக்கிற கம்பெனியில் வேலையில் இருந்தேன். எனக்கு ஏரி தேவைப்படவில்லை. பெயர் என்னுடையது, உழைப்பு அவனுடையது. அவன், பாக்கியம், மூன்று பெண் பிள்ளைகள், ஐந்து வயிறும் என் பெயரில்தான் சாப்பிட்டன.

எழுபத்தைந்தில் என் மனைவி கஸ்தூரிக்கு அமெரிக்காவில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவள் வீட்டாரும் எங்கள் ஆட்கள்தான், மீஞ்சூரில் குடியேறிய குடும்பம். அவளுக்கு விசா, அவள் கொண்டுபோன பெட்டிகளில் நான் ஒரு பெட்டி. ஜார்ஜியா என்கிற மாநிலத்தில் ஒரு துறைமுகத்து ஊர். அங்கேயும் எனக்கு வேலை கிடைத்தது இறால் உறைய வைக்கிற இடத்தில்தான். உலகத்தின் அந்தக் கோடிக்கு வந்தும் அதே நாற்றம் என்று கஸ்தூரி சிரிப்பாள். நான் வந்த பிறகும் ஒவ்வொரு ஐப்பசியும் எத்திராஜ் எனக்குப் பதில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

3

எண்பத்து நாலில், சித்திரை மாதம் என்று நினைக்கிறேன், அவனிடமிருந்து நீலக் கடிதம் வந்தது. அஞ்சாம் வகுப்புவரை படித்தவன், பேசுகிற மாதிரியே எழுதுவான். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

"அண்ணா, நாங்க சொகம். ஊர்ல கல்யாணம் ஆன பசங்க நெறைய பேரு பாடு இல்லாம சும்மா கீறாங்க. எறால் வெல ஏறிப்போச்சி. அதனால வெளியூர் போனவங்க பேருல்லாம் எடுக்கணும்னு தகராறு. இந்த ஐப்பசி அமாவாசைக்கு அவனவன் நேர்ல வந்து நின்னே ஆவணும்னு சொல்லிட்டாங்க. நீ வந்து கீறேன்னு ஒரு வார்த்த சொன்னா போதும். அப்பால அன்னிக்கே பொறப்பட்டுப் போ. வர்லன்னா பேர அடிச்சிடுவாங்க. அடிச்சிட்டா எனக்கு வல கட்ட எடம் கெடையாது."

நான் உடனே வருகிறேன் என்று எழுதிப் போட்டேன். மனப்பூர்வமாகத்தான் எழுதினேன். பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்க அனுப்பினேன். போட்டோவில் ஒரு காது தெரியவில்லை என்று திரும்பி வந்தது. இரண்டு காதும் தெரிய எடுத்து அனுப்பினேன். விண்ணப்பத்தில் கட்டம் தாண்டிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று மறுபடியும் வந்தது. மூன்றாவது தடவை ஒத்துக்கொண்டார்கள்.

வேலை செய்கிற இடத்தில் பன்னிரண்டு நாள் லீவு கேட்டேன். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. ஊர்க் கூட்டத்தில் நிற்பதற்காக என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். மேற்பார்வை செய்கிறவர் நல்ல மனிதர். அரசியலில் நிற்கிறாயா என்று கேட்டார். இல்லை, பெயர் கூப்பிடும்போது நான் இருக்க வேண்டும் என்றேன். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்றார். இரண்டு நிமிஷம் என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார், பக்கத்து அறையில் இருந்தவர்களையும் கூப்பிட்டுச் சொன்னார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்குக் கார் ஓட்டிவரும்போது நானும் நினைத்தேன், இரண்டு நிமிஷம் நிற்பதற்காகப் பாதி உலகம் பறக்கிறவன் எப்படிப்பட்டவன் என்று.

4

அந்தக் கோடையில்தான் தபாலில் ஒரு வண்ணக் காகிதம் வந்தது. பூங்காவுக்குப் பக்கத்தில் பெரிய ஓட்டலில் மூன்று நாள் இலவசமாகத் தங்கலாம், பதிலுக்கு ஒன்றரை மணி நேரம் ஒரு பேச்சைக் கேட்டால் போதும். கஸ்தூரிக்கு முதலில் நம்பிக்கை இல்லை. ஆனால் பிள்ளைகள் அந்தக் காகிதத்தைக் கீழே வைக்கவில்லை. மாலாவுக்குப் பத்து வயது, ரவிக்கு ஏழு. பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் போய்வந்துவிட்டார்களாம். சரி, கேட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினோம்.

மூன்று நாளும் பிள்ளைகள் தரையில் கால் பாவவில்லை. ரவி வாளி வாளியாக ஐஸ் பிடித்துக் குளியல் தொட்டியில் கொட்டினான். எங்கள் ஊரில் ஒரு பாளம் ஐஸ் படகேறி வருவதற்குள் பாதி கரைந்துவிடும், அதற்காகக் கரையில் இறால் காத்துக்கிடக்கும் என்று அவனிடம் சொன்னேன். எதற்காகக் காத்துக்கிடக்க வேண்டும், மெஷினில் பிடிக்க வேண்டியதுதானே என்றான். தமிழில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடித்தான். அப்போதெல்லாம் பாதியாவது தமிழாக இருந்தது.

கடைசி நாள் காலையில் பேச்சு. ஒரு பெரிய அறையில் குடும்பத்துக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு ஆள். எங்களுக்கு வந்தவன் பெயர் பில். ஒரு வட்டமான அட்டையைக் காட்டினான். வருஷத்தின் ஐம்பத்திரண்டு வாரமும் அதில் வண்ணம் வண்ணமாக இருந்தன. ஆளுக்கு ஒரு வாரம். அது வருஷத்துக்கு வருஷம் நகரும். இந்த வருஷம் ஆளில்லாத வாரம் வந்தால் அடுத்த வருஷம் விடுமுறை வாரம் வரும், எல்லோருக்கும் எல்லாம் சுற்றி வரும் என்றான்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒன்பது வருஷமாக இந்த நாட்டில் யார் என்ன பேசினாலும் எனக்கு ஓரமாகத்தான் புரியும். இன்ஷூரன்ஸ், வரி, பேஸ்பால், எதுவும் என் மண்டையில் முழுசாக ஏறியதில்லை. இது முழுசாக ஏறியது. இது பாடு. நான் கேட்க ஆரம்பித்தேன். ஒருவன் தன் முறைக்கு வர முடியாவிட்டால் அவனுடைய தம்பி வரலாமா? வரலாம். இறந்துபோனால் விதவைக்கு முறை நிற்குமா? நிற்கும். புயல் அடித்து ஒரு வாரம் கெட்டுப்போனால் அதற்குப் பதில் உண்டா? அதற்கும் விதி இருந்தது. பிள்ளைகளுக்குப் போகுமா? தலைமுறை தலைமுறையாகப் போகும் என்றான். இப்படிக் கேள்வி கேட்ட ஆளை நான் பார்த்ததே இல்லை என்று பில் பக்கத்து மேசைக்காரனிடம் சொன்னான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கஸ்தூரி மேசைக்கு அடியில் என் காலை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு அவன் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கொண்டுவந்தான். முதல் வருஷத்து வாரத்தை உங்கள் மகளே எடுக்கட்டும் என்றான். மாலா கண்ணை மூடிக்கொண்டு உள்ளே கையை விட்டாள். அந்த நிமிஷம் நான் ஒழிந்தேன். குழந்தை சீட்டு எடுத்தாயிற்று. வந்தது அக்டோபரில், பள்ளிக்கூடம் நடக்கிற சமயம், யாருக்கும் வேண்டாத வாரம். எங்கள் அமாவாசை விழுகிற வாரம். நான் லீவு வாங்கி வைத்திருந்த வாரம்.

பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். விமான டிக்கெட்டுக்கு வைத்திருந்தது முன்பணமாகப் போயிற்று.

காரில் ஏறியதும் கஸ்தூரி கேட்டாள். "இன்னாங்க, டிக்கெட்டுக்கு வெச்சிருந்தத அவங்கிட்ட குடுத்துட்டு வர்றீங்க. எத்திராஜுக்கு இன்னா பதில் சொல்லுவீங்க?" இன்னும் மூன்று மாசம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

பத்து நாளுக்குள் ஒரு வரி எழுதிப் போட்டால் எல்லாம் ரத்தாகிவிடும் என்று பத்திரத்திலேயே இருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கஸ்தூரி பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தாள். தினமும் பால் எடுக்கும்போது அது என் கண்ணில் பட்டது. நான் எழுதவில்லை. எடுத்த சீட்டைத் திருப்பி வைக்கக் கூடாது என்று அவளிடம் சொன்னேன். அது ஊர்ல, இவங்களுக்கு இன்னா தெரியும் என்றாள். ஆஸ்பத்திரியில் கடன் வாங்கித் தருகிறேன், போய் நின்றுவிட்டு வாருங்கள் என்றும் சொன்னாள். அதற்கும் நான் நகரவில்லை.

இப்போது யோசித்தால் சீட்டு ஒரு சாக்கு. எனக்குப் போகப் பிடிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அத்தனை பேருக்கு நடுவில் நின்று, என்னைவிடச் சின்னவன் ஒருவன் என் பெயரைக் கூப்பிட, "கீறேன்" என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. போகாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததும் மனசு லேசாயிற்று. அந்த லேசு இருக்கிறதே, அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

செப்டம்பரில் எத்திராஜுக்கு எழுதினேன். கம்பெனியில் லீவு கொடுக்கவில்லை, அடுத்த வருஷம் கட்டாயம் வருகிறேன் என்று. பெரியதனக்காரருக்கும் அதே பொய்யை மரியாதையான தமிழில் தனியாக எழுதி, கூட்டத்தில் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொண்டேன்.

5

அந்த அக்டோபர் வாரம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு அழைத்துப் போனோம். ஓட்டலில் பாதி அறை காலி. மழைத் தூறலில் சறுக்குமரத்தை மூடி வைத்திருந்தார்கள்.

அமாவாசையன்று காலையில் பலகாரம் சாப்பிடப் போனோம். அங்கே பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், மேசை காலியானால் கூப்பிடுவார்கள். அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்துக் கும்பல் வந்திருந்ததால் எங்களை வெளியே காக்க வைத்துவிட்டார்கள். மணி ஏழரை. எங்கள் ஊரில் அப்போது மாலை ஐந்து, பொழுது சாயத் தொடங்கியிருக்கும். கோயிலுக்கு எதிரில் கூட்டம் கூடியிருக்கும். எத்திராஜ் என் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பான், அவனுக்கு உட்கார உரிமை இல்லை. நான் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். கஸ்தூரி என்னைப் பார்க்காமல் இருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு வாயில் நுழையவில்லை, தட்டுத்தடுமாறிக் கூப்பிட்டாள். நான் எழுந்து நின்று கையைத் தூக்கினேன். எங்களுக்கு ஜன்னலோரத்தில் மேசை கொடுத்தார்கள். கரடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தது. மாலா போட்டோ எடுத்தாள். அந்தப் படம் இருக்கிறது. அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து எத்திராஜின் கடிதம் வந்தது. என் கடிதத்தைக் கூட்டம் ஏற்றுக்கொள்ளவில்லை, பெயரை அடித்துவிட்டார்கள். திட்டு ஒரு வார்த்தை இல்லை. பிள்ளைகள் சொகமா என்று கேட்டிருந்தான்.

6

எண்பத்து ஏழில்தான் ஊருக்குப் போக முடிந்தது. தனியாகத்தான் போனேன். பிள்ளைகளுக்கு ஏதோ முகாம் இருந்தது. முகாம் இல்லாவிட்டாலும் வந்திருக்க மாட்டார்கள்.

படகுத்துறையில் எத்திராஜ் நின்றிருந்தான். முப்பத்தெட்டு வயசுக்கு ஐம்பது மாதிரி இருந்தான். என் பெயருக்கு இருந்த பாடு ஒரு புது மாப்பிள்ளைக்குப் போயிருந்தது. நல்ல பையன், ஆனால் கழி ஊன்றுகிற வேலை அவனுக்கு அவ்வளவாக வராது. அதனால் எத்திராஜைக் கூலிக்கு வைத்திருந்தான். பத்து வருஷம் தன்னுடையது என்று கட்டிய அதே பாட்டில், இன்னொருவன் வலையை என் தம்பி கட்டிக்கொண்டிருந்தான். பாக்கியம் கருவாட்டுக் கூடையோடு பொன்னேரிக்கு பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தாள். மூத்த பெண்ணின் படிப்பை நிறுத்தியிருந்தார்கள்.

நான் பெரியதனக்காரரைப் போய்ப் பார்த்தேன். இவர் புதியவர், என்னோடு படித்தவர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அடித்த பெயரை மறுபடியும் எழுதுகிற வழக்கம் இல்லை என்றார். நீ அன்னிக்கி வந்திருக்கணும் என்றார்.

அன்று மத்தியானம் பாக்கியம் இறால் தொக்கும் சோறும் போட்டாள். எத்திராஜ் எனக்கு எதிரில் சாப்பிட உட்கார்ந்தான். தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"கூட்டத்துல ஒருத்தன் சொன்னான், அவன் அங்க சொகத்துல ஊர மறந்துட்டான்னு. நான் உடல. எங்கண்ணன் அப்டியாப்பட்ட ஆளு இல்ல, கம்பெனிக்காரன் உட்டாத்தான வருவான்னு சண்ட போட்டேன். பேச்சு தடிச்சிப் போச்சி. அதுக்கு எனக்குத் தெண்டம் போட்டாங்க. உன்ன ஒரு வார்த்த சொல்ல உட்ல நான்."

பிறகு நிமிர்ந்து, "ரெண்டு நாளு லீவு குடுக்காத எடத்துல இன்னாத்துக்குண்ணா இன்னும் கீற? வேற எங்கனா பாக்கலாம்ல?" என்று கேட்டான். என் மேல் அவ்வளவு இரக்கம் அவனுக்கு.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். தொக்கு நன்றாக இருக்கிறது என்றேன். பாக்கியம் இன்னும் கொஞ்சம் போட்டாள்.

பத்து நாள் இருந்தேன். ஒரு டார்ச் லைட், இரண்டு சட்டை, பெண்களுக்குப் பேனா என்று கொண்டுபோனதைக் கொடுத்தேன். பணமும் கொடுத்தேன், அவன் வாங்கவில்லை. அங்க உனக்கே ஆயிரம் கஷ்டம் என்று சொல்லிவிட்டான்.

7

இந்த வருஷம் எங்கள் வாரம் மே மாதத்தில் வந்தது. ஓரளவு நல்ல வாரம். ரவிக்குப் பன்னிரண்டு வயது, கீழே வீடியோ விளையாட்டு அறையிலிருந்து சாப்பிட மட்டும் வருகிறான். மாலாவுக்குப் பதினைந்து. அடுக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு, பொம்மை ஊர்வலமெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்கிறாள். கஸ்தூரி தூங்குகிறாள். வருஷம் முழுக்க ராத்திரி டியூட்டி பார்க்கிறவள், அவளுக்கு இது தூங்குகிற வாரம்.

நேற்று மாலா என் ஓட்டல் பத்திரத்தை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஏதோ பத்திரங்களைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார்களாம். படித்துவிட்டு வந்து, நீங்கள் இறந்துபோனால் இது எங்களுக்கு வருமா என்று கேட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள். இப்போது முக்கால்வாசி அப்படித்தான். வரும், உங்களுக்காகத்தான் வாங்கினேன் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, கோபமே இல்லாமல், "அப்பா, வேணாம்னு சொல்ல முடியுமா?" என்றாள். என் மனசு நோகக் கூடாதென்று அதை மட்டும் தமிழில் கேட்டாள்.

விசாரித்துச் சொல்கிறேன் என்று கீழே போனேன். அலுவலகத்தில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். திருப்பிக் கொடுத்தால் ஓட்டல் வாங்கிக்கொள்ளாது. விற்கலாம், ஆனால் வாங்க ஆளில்லை, ஆயிரம் பேர் விற்கக் காத்திருக்கிறார்கள். வராமல் இருக்கலாம், ஆனால் வருஷாந்திரக் கட்டணம் நிற்காது. என் பெயரை எடுத்துவிட வழியே இல்லையா என்று கேட்டேன். அவர் சமாதானமாகச் சிரித்து, உங்கள் பெயரை யாராலும் எடுக்க முடியாது என்றார். அதை ஒரு நல்ல செய்தியாகத்தான் சொன்னார்.

மேலே வந்து மாலாவிடம் சொன்னேன். அவள் ஓகே என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டாள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவளுக்கு இது வேண்டாம், அவள் கேட்கவும் இல்லை. வேண்டியவன் கடல் தாண்டி இருந்தான், ஒன்றே ஒன்று கேட்டான், இரண்டு நிமிஷம் வந்து நில் என்று. நான் இங்கே வந்து நின்றேன்.

ஓட்டல் கொடுத்த காகிதத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதுவதால் எதுவும் திரும்பி வரப்போவதில்லை. அந்தப் பாட்டில் இப்போது இன்னொருவன் இருக்கிறான், அவனுக்குப் பின்னால் அவன் பிள்ளை இருப்பான். தெண்டம் கட்டியது கட்டியதுதான். மூத்தவளின் படிப்பு போனது போனதுதான். இதைப் படித்த பிறகு, சண்டை போட்டுக் காப்பாற்றிய அண்ணனும் எத்திராஜுக்கு இல்லாமல் போவான். அவனிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான், அதையும் எடுத்துக்கொள்கிறேனே என்று நினைத்துத்தான் இரண்டு வருஷமாகச் சொல்லாமல் இருந்தேன். அதுவும் சாக்குதான் என்று இப்போது தோன்றுகிறது.

எத்திராஜ், இந்தப் பத்திரிகை பழவேற்காட்டுக் கடைகளுக்கு வரும், யாராவது உன்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். நீயே எழுத்துக் கூட்டிப் படி, மற்றவர்களைப் படிக்கச் சொல்லாதே. கம்பெனி எனக்குப் பன்னிரண்டு நாள் லீவு கொடுத்தது. நான்தான் வரவில்லை.